சித்தி காசு

எங்கள் வீட்டில் காசு இரண்டு வகை. ஒன்று அப்பா காசு, மற்றது சித்தி காசு. அப்பா ரத்தோட்டையில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்தார். அவர் சம்பளம் அரிசி, பருப்பு, கரண்ட் பில் என்று வந்த வழியே போய்விடும். சித்தி காசு அப்படியல்ல. அது மாதா மாதம் குவைத்திலிருந்து வங்கிக்கு வரும். அம்மா புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்க் கொஞ்சம் எடுத்து வருவாள். அன்று வீட்டில் கோழிக்கறி. எல்லா வீடுகளுக்கும் வெளிநாட்டில் ஒரு சித்தி இருப்பாள், மழை பெய்வதைப் போல அவளிடமிருந்து காசு வரும் என்றுதான் பத்து வயது வரை நான் நினைத்திருந்தேன்.

அந்தக் காசு எதற்காக வருகிறது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவைத்தில் ஒரு வீட்டில் எட்டு வருஷம் சமைத்து, துவைத்து, அவர்கள் பிள்ளைகளையும் வளர்த்தாள். எங்கள் ஊர்க் கோயிலுக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட மாஸ்டருக்குப் பத்து பேர்ச்சஸ் காணி இருந்தது. அதை வாங்கி, இரண்டு அறை வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டு, அக்காவுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம். புத்தகம் அம்மா பெயரில். மாதம் ஒரு சின்னத் தொகையை எங்கள் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம், மிச்சம் அப்படியே கிடக்க வேண்டும் என்பது பேச்சு. மாஸ்டர் நல்ல மனிதர். வேறு இரண்டு பேர் கேட்டும் கொடுக்காமல் காணியைச் சித்திக்காக வைத்திருந்தார்.

பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம் சித்தி வந்து சேர்ந்தாள். மூன்றாம் நாள் காலை, அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அம்மா எழுந்திருக்கவில்லை. நான்தான் ஓடிப்போய் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கைவிட்டு எடுத்து வந்தேன். இவ்வளவு சுறுசுறுப்பான பிள்ளையா என்று சித்தி பாராட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றாகப் புரட்டி மறுபடி கடைசிப் பக்கத்துக்கு வந்தாள்.

"அக்கா, மத்தப் புத்தகம் எங்க?"

"வேற புத்தகம் இல்லடி" என்றாள் அம்மா. வெங்காயத்தின் புண்ணியத்தில் அவள் அழுவது அழுகையாகத் தெரியவில்லை.

சித்தி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "டீ ஊத்துங்க" என்றாள். பெரிய சண்டை ஒன்று வரப்போகிறது என்று பயந்திருந்த எனக்கு, ஒரு கோப்பைத் தேநீரோடு காரியம் முடிந்துபோனதில் நிம்மதியாக இருந்தது.

யாரும் அந்தக் காசைத் திருடவில்லை. அப்பா குடிப்பதில்லை. அம்மா நகை வாங்கவில்லை. ஒரு கல்யாணமோ ஒரு ஆபரேஷனோ நடந்து காசு போயிருந்தால்கூடச் சித்தியிடம் காட்டுவதற்கு ஏதாவது இருந்திருக்கும். எங்களிடம் காட்டுவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. தவணைக்கு வாங்கிய ஃப்ரிட்ஜ் மட்டும் மூலையில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. அதற்கும் கடைக்காரன் சொன்ன விலையைப்போல ஒன்றரை மடங்கு கட்டி முடித்திருந்தோம்.

சித்தி யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அம்மாவும் நாலு வார்த்தை பேசி, இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்து, சமாதானமாகியிருப்பாள். சித்தி ஒரு வாரம் சும்மா உட்கார்ந்து நாங்கள் வாழ்வதைப் பார்த்தாள். காலையில் எனக்குப் பள்ளிக்கூடம் போகத் த்ரீவீலர் வரும். நடந்தால் இருபது நிமிஷம். அம்மா பால்மாவைப் பெரிய பாக்கெட்டாக வாங்கமாட்டாள், அன்றன்றைக்குச் சின்னப் பாக்கெட். ஷாம்பூவும் அப்படித்தான். கடையில் மாலையாகத் தொங்குவதிலிருந்து இரண்டைக் கிழித்துத் தருவார்கள். போனுக்குத் தினம் ஒரு ரீலோட். சாயந்தரம் பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரியின் பாண் வண்டி வந்தால் ஆளுக்கொரு இனிப்புப் பணிஸ். யாராவது வீட்டுக்கு வந்தால் பெரிய போத்தல் சோடா. யாரும் வராவிட்டால், வந்தால் கொடுக்கலாம் என்று வாங்கி வைத்த சோடாவை நாங்களே குடிப்போம்.

பக்கத்து வீட்டுப் பலாமரம் எங்கள் பக்கம் சாய்ந்து, காய் விழுந்து அழுகிக்கொண்டிருந்தது. நாங்கள் மாத்தளையிலிருந்து உருளைக்கிழங்கு வாங்கி வந்து கொண்டிருந்தோம். பலாக்காய்க் கறி ஏழைகளின் சாப்பாடு என்பது அம்மாவின் அபிப்பிராயம்.

இரண்டாவது வாரம் சித்தி வேலையைத் தொடங்கினாள். வருஷக் கடைசி வரை பொறுப்பதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். காணி விலைக்குக் குறைகிற தொகை பெரியதுதான், ஆனால் பாதிக்கு மேல் கையில் சேர்த்துக் காட்டினால் மிச்சத்தைத் தவணையாக வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். அதற்காகச் சித்தி டவுனில் ஒரு தையல் கடையில் பொத்தான் தைக்கும் வேலைக்குப் போனாள். வீட்டில் மிச்சம் பிடிப்பது அத்தனையும் காணிக்கு என்று அம்மாவும் ஒப்புக்கொண்டாள். பணம் சேராவிட்டால் சித்தி திரும்பவும் குவைத்துக்குப் போக வேண்டும். வேறு வழி இல்லை என்று அவளே என் முன்னால் சொன்னாள்.

பால்மா பெரிய பாக்கெட்டாக வந்தது. ஷாம்பூ போத்தலாக வந்து, பாதியான பிறகு தண்ணீர் சேர்ந்து மறுபடி முழுசானது. பற்பசைக் குழாயைச் சித்தி கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தாள். உள்ளே இன்னும் ஐந்து நாளைக்கு இருந்தது. தினசரி ரீலோட் நின்று மாதத்துக்கு ஒன்று என்றானது. பலாக்காய் தேங்காய்ப்பாலில் வெந்தது. ஓடை ஓரத்து வல்லாரை சம்பலாக வந்தது. பணிஸுக்குப் பதில் சாயந்தரம் ரொட்டி. இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று அப்பா கேட்டதற்கு, "பணக்கார வீட்டுலதான்" என்றாள் சித்தி. குவைத்து மேடம் தேயிலைப் பையை இரண்டு தரம் ஊறவைக்காமல் எறிய விடமாட்டாளாம்.

அப்பாவின் லொத்தர் சீட்டில் மட்டும் அவள் நேராகக் கைவைக்கவில்லை. கடை விட்டு வரும்போது தினம் இரண்டு சீட்டு வாங்குவது அவர் பழக்கம். அது செலவில்லை, முதலீடு என்பார். விழாத சீட்டுகளை எறியாமல் குசினிச் சுவரில் ஒரு கம்பியில் குத்தி வைக்கும்படி மட்டும் சித்தி கேட்டுக்கொண்டாள். ஒரு மாதம் போனதும் அந்தக் கம்பி கொழுத்துப்போய் நின்றது. சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது அப்பாவின் கண்ணுக்கு நேரே இருந்தது. ஒரு நாள் அவரே அதைக் கழற்றி அடுப்பில் போட்டார், பிறகு சீட்டு வாங்கவில்லை.

ஒரு நாள் அம்மா தன் தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கப் போனாள். அடகு வைத்துக் காணிக்குக் கட்டலாம் என்றாள். "வச்சா வட்டி யாரு கட்டுறது? அதுக்கும் நான்தான் குவைத்துக்குப் போகணும்" என்று சித்தி சிரித்துக்கொண்டே அதைத் திரும்ப அம்மாவின் கழுத்தில் போட்டுவிட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

எல்லோரும் எப்படியோ பழகிக்கொண்டார்கள். நான் பழகவில்லை. எனக்குச் சித்தி மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. முதலில் த்ரீவீலர் நின்றது. தினமும் காலையில் சித்தி ஒரு பெரிய கறுப்புக் குடையோடு என்னை நடத்திக் கூட்டிப்போனாள். என் வகுப்புப் பிள்ளைகள் த்ரீவீலரில் எங்களைக் கடந்து போகும்போது கையை ஆட்டுவார்கள். நான் குடைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வேன். அடுத்தது தண்ணீர்ப் போத்தல். ரிவர்ஸ்டனில் பனி பார்க்க வேனில் வரும் ஆட்கள் எங்கள் தெருவோரத்தில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுப் போத்தல்களை விட்டுப்போவார்கள். சித்தி அதில் ஒன்றைக் கழுவி, கொதித்தாறிய தண்ணீர் நிரப்பி என் பையில் வைத்தாள். என் சினேகிதி அதைப் பார்த்துவிட்டாள். அன்று முழுவதும் நான் தண்ணீர் குடிக்கவில்லை.

நவம்பரில் என் பிறந்தநாள் வந்தது. அதற்கு முந்திய வருஷம் என் படம் போட்ட ஐசிங் கேக் மாத்தளையிலிருந்து வந்திருந்தது. இந்த வருஷம் சித்தி குக்கரின் அடியில் மணல் பரப்பிச் சூடாக்கி, ரவையும் முட்டையும் சேர்த்து ஒரு கேக் செய்தாள். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. வந்த மூன்று பிள்ளைகளும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். அது என் கண்ணில் படவே இல்லை, பள்ளம்தான் தெரிந்தது. இரவு அம்மாவிடம் மூக்கால் அழுதேன். "சித்தி எப்ப போவாங்க?" என்று கேட்டேன். அம்மா என் வாயைக் கையால் பொத்தினாள். வெகு நேரம் கையை எடுக்கவில்லை. சித்திக்குக் கேட்டுவிடும் என்ற பயம் என்று நினைத்தேன்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை சித்தி என்னை வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். "அக்கா வந்தா வேன் புடிக்கணும்பாங்க" என்றாள். மாத்தளைக்கு ஒரு பஸ், கலேவெலப் பக்கம் போகும் பஸ் ஒன்று, கடைசியில் ஒரு சின்ன பஸ். வழியில் இறங்கி வடை வாங்கலாம் என்றேன். சித்தி மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள். சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும். பசியில் சாப்பிட்டேன், ஆனால் கோபத்தோடு சாப்பிட்டேன்.

கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கள் வேண்டுதலை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் போடுவார்கள். சித்திக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு அவளைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துப் போடுவாள், மற்றதெல்லாம் போனில் பேசி அனுப்புவாள். அதனால் என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து இரண்டு துண்டாக்கி, பாதியை என்னிடம் தந்து தனக்காக எழுதச் சொன்னாள்.

"என்ன எழுத?"

சித்தி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "அந்தக் காணி கெடைக்கணும்னு எழுது. நான் திரும்பிப் போகக் கூடாதுன்னு எழுது. அந்தோனியாரே, எனக்கு அங்க போக ஏலாது. அப்புடியே எழுது புள்ள."

அப்படியே எழுதினேன். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்ள வேண்டும், நான் அவ்வளவு மோசமில்லை. அவள் கேட்டபடி வாசித்தும் காட்டினேன். பிறகு மற்றப் பாதியை எடுத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போனேன். நீ என்ன கேட்கிறாய் என்று சித்தி கேட்டபோது, சொன்னால் பலிக்காது என்று சொல்லிவிட்டேன். நான் எழுதியது இதுதான்: "அந்தோனியாரே, சித்தி சீக்கிரம் குவைத்துக்குப் போக வேண்டும். நான் த்ரீவீலரில் போக வேண்டும்."

இரண்டு சீட்டையும் ஒன்றன் பின் ஒன்றாகப் பெட்டியில் போட்டோம். ஆளுக்கொரு மெழுகுதிரி வாங்கலாம் என்றேன். சித்தி ஒன்றைத்தான் வாங்கினாள். "ஒன்னு போதும், ரெண்டு பேரும் சேந்து புடிச்சுக்கிருவோம்" என்று என் கையின் மேல் தன் கையை வைத்துக் கொளுத்தினாள். பொத்தான் தைத்துத் தைத்து அவள் விரல் நுனிகள் சொரசொரவென்று இருந்தன. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு ஒரே கவலை, ஒரு மெழுகுதிரிக்கு அந்தோனியார் யாருடைய வேண்டுதலைக் கேட்பார் என்பதுதான்.

அதற்கான பதில் அன்றைக்கே கிடைத்துவிட்டதாக நான் நினைத்தேன். திரும்பி வரும்போது என் செருப்பு கடித்துக் குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. ரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நொண்டினேன். சித்தி குனிந்து காலைப் பார்த்தாள். ஸ்டாண்டில் நின்ற த்ரீவீலரைக் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். விலைகூடப் பேசவில்லை. வந்த நாளிலிருந்து அவள் ஏறிய முதல் த்ரீவீலர் அது. என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தபடி வந்தாள். நான் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என் வேண்டுதல் சீட்டின் இரண்டாவது பாதி பலித்துவிட்டது, முதல் பாதியும் சீக்கிரம் பலிக்கும் என்று தெரிந்துபோயிற்று. ஆனால் அவள் காலைத் துடைத்த விதத்தில், முதல் பாதியை எழுதாமல் இருந்திருக்கலாமோ என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. பெட்டியில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

கிறிஸ்மஸ் முடிந்து இரண்டாம் நாள் மாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவர் மகனுக்கு அவசரமாகப் பணம் தேவை, கண்டியிலிருந்து ஒருவர் மொத்தமாகக் கொண்டுவந்திருக்கிறார். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கேட்டார். சித்தி சொன்னாள். அந்த ஒன்பது மாதத்தில், அவள் பொத்தான் தைத்ததும் நாங்கள் மிச்சம் பிடித்ததும் சேர்ந்து, யாரும் நம்பமுடியாத அளவுக்குச் சேர்ந்திருந்தது. ஆனால் அது பாதியைத் தொடவில்லை. மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, "மன்னிச்சுக்கம்மா" என்றார். சித்தி அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, இவ்வளவு நாள் பொறுத்ததற்கு நன்றி சொன்னாள்.

ஜனவரியில் சித்தி மாத்தளைக்குப் போய் ஏஜென்டைப் பார்த்து வந்தாள். மார்ச்சில் டிக்கெட் வந்தது. அந்த இரண்டு மாதமும் நான் ஒரு பெரிய ரகசியத்தைச் சுமந்துகொண்டு திரிந்தேன். இத்தனை பேர் வேண்டுகிற கோயிலில் அந்தோனியார் என் சீட்டை எடுத்து வாசித்திருக்கிறார் என்ற பெருமை. யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயமும் கூடவே. அதனால் அவள் பெட்டி கட்டும்போது ஓடி ஓடி உதவி செய்தேன். எவ்வளவு பாசமான பிள்ளை என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள்.

போகிற அன்று விடியற்காலையில் சித்தி என்னைக் கட்டிக்கொண்டாள்.

"அந்தோனியார் என் சீட்டைப் பாக்கல போல" என்றாள்.

அவளைத் தேற்றுவதற்காக, அடுத்த செவ்வாய் போய் இன்னொன்று எழுதிப் போடுகிறேன் என்றேன்.

"எழுது புள்ள. நீதான் எனக்கு அழகா எழுதிக் குடுப்ப" என்றாள்.

பல வருஷம், என் சீட்டுதான் அவளை அனுப்பியது என்று நம்பிக்கொண்டிருந்தேன். முதலில் பெருமையாக, பிறகு பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தாங்கமுடியாத குற்ற உணர்ச்சியோடு. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பார்த்தேன். சாமியார் சின்னப் பிள்ளை என்று சிரித்து, மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். கொஞ்ச நாள் அது போதுமாக இருந்தது.

சித்தி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். இப்போது நானும் சம்பளம் எடுக்கிறேன், மாதக் கடைசியில் அது எங்கே போனது என்று தெரியாமல் நிற்கிறேன். அப்படி நின்ற ஒரு நாள்தான் எனக்கு விஷயம் விளங்கியது. அந்தோனியார் என் சீட்டை வாசித்தாரோ இல்லையோ, அதில் அவர் செய்வதற்கு வேலை ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. சித்தியைத் திருப்பி அனுப்புகிற வேலையை, அவள் வந்து இறங்குவதற்கு முன்பே, எட்டு வருஷமாக நாங்கள் மூன்று பேரும் செய்து முடித்திருந்தோம்.